ஆர்டெஸ்டின் கோபம் மட்டுமா காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

விளையாட்டு அரங்க வன்முறை பற்றிய உங்கள் கட்டுரையில், 2004 டெட்ராய்ட் கூடைப்பந்துக் கலவரத்துக்கு இண்டியானா பேசர்ஸ் அணியின் ரான் ஆர்டெஸ்ட் என்ற ஒருவரின் முன்கோபத்தையே காரணமாகக் காட்டியிருந்தீர்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

அந்த நவம்பர் 19 இரவு, டெட்ராய்ட் அருகே ஆபர்ன் ஹில்ஸ் அரங்கில் இண்டியானா பேசர்ஸ் 97-82 என்று முன்னிலையில் இருந்தது. ஆட்டம் முடிய 46 விநாடிகூட இல்லை. ஆர்டெஸ்ட் தேவையே இல்லாமல் முரட்டுத்தனமாக ஒரு ஃபவுல் செய்தார். எதிரணியான டெட்ராய்ட் பிஸ்டன்ஸின் பென் வாலஸ் திரும்பி அவரைப் பிடித்துத் தள்ளினார். சரி, இதெல்லாம் எந்த ஊர் ஆட்டத்திலும் நடப்பதுதான். அப்புறம் நடந்ததைத்தான் பார்க்க வேண்டும். தள்ளுமுள்ளு நீண்டுகொண்டே போனது. இரண்டு பேரையும் உடனே உடைமாற்றும் அறைக்கு அனுப்பியிருக்கலாம், யாரும் அனுப்பவில்லை. ஆர்டெஸ்ட் ஸ்கோர் மேசைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டார். அவருக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு தடுப்புகூடக் கிடையாது. அப்போதுதான் பானத்தோடு ஒரு கப் பறந்து வந்து அவர்மேல் விழுந்தது.

அவர் கூட்டத்துக்குள் பாய்ந்து பிடித்தது, கப்பை எறிந்தவரை அல்ல. சம்பந்தமே இல்லாத வேறொருவரை. பின்னாலேயே அவரது அணியின் ஸ்டீபன் ஜாக்சனும் போய் ரசிகர்கள்மேல் கைவைத்தார். களத்துக்குள் இறங்கிவந்த ரசிகரை அதே அணியின் ஜெர்மெய்ன் ஓ'நீல் குத்தினார். இதில் எதையும் நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் ஆட்டக்காரர்கள் வெளியேறும்போது மேலிருந்து பீரும் பாப்கார்னும் கொட்டினார்களே, ஒரு நாற்காலிகூட வந்து விழுந்ததே, அதையும் ஆர்டெஸ்டின் கோபத்தில் சேர்ப்பீர்களா?

ஒன்பது ஆட்டக்காரர்களுக்கு மொத்தம் 146 ஆட்டங்கள் தடை என்று போட்டித் தொடரை நடத்தும் என்.பி.ஏ. அறிவித்தது. ஆர்டெஸ்டுக்கு அந்த சீசனே போயிற்று. சம்பளத்தில் மட்டும் 50 லட்சம் டாலருக்கு நெருக்கமான இழப்பு. கப் எறிந்தவருக்கு 30 நாள் சிறை. கூட்டத்தைக் கட்டுப்படுத்தத் தவறியவர்களைப் பற்றித்தான் பேச்சே இல்லை. ஆனால் அடுத்த சில மாதங்களில் என்.பி.ஏ. கொண்டுவந்த விதிகளைப் பாருங்கள்: பெரிய கோப்பையில் மது விற்கக் கூடாது, மூன்றாவது கால்பகுதியோடு விற்பனையை நிறுத்திவிட வேண்டும். தவறு எங்கே இருந்தது என்பது அவர்களுக்கே தெரிந்திருக்கிறது என்றுதான் இதற்கு அர்த்தம்.

2018 ஜூலையில் பிலிப்பைன்ஸ்–ஆஸ்திரேலியா ஆட்டத்தில் இதைவிடப் பெரிய அடிதடி நடந்து 13 பேர் வெளியேற்றப்பட்டார்கள். உலகக் கூடைப்பந்துச் சம்மேளனம் ஆட்டக்காரர்களைத் தண்டித்ததோடு நிற்கவில்லை. போட்டியை நடத்திய பிலிப்பைன்ஸ் சங்கத்துக்கு இரண்டரை லட்சம் சுவிஸ் ஃபிராங்க் அபராதம் போட்டு, அடுத்த உள்ளூர் ஆட்டத்தை ரசிகர்களே இல்லாமல் நடத்தச் சொன்னது. எனக்கு இதுதான் முறையான தண்டனையாகத் தெரிகிறது.

அடுத்த முறை இதைப் பற்றி எழுதும்போது, அரங்கத்தை நடத்தியவர்கள் அந்த இரவு என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்