புரொசசரை மாற்றுவதற்கு முன்

திருகோணமலை
18.01.2026

அன்புள்ள மகனுக்கு,

உன் பழைய கொம்பியூட்டருக்கு ஐ7 புரொசசர் ஒன்று வாங்கிப் போடட்டுமா என்று நேற்றிரவு நீ போனில் கேட்டதற்கு உடனே பதில் சொல்லவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்த காசு என்றாய். யோசிக்காமல் வாங்கு என்றோ வேண்டாம் என்றோ சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்தக் கொம்பியூட்டரை 2012 இல் கடை மேசையில் வைத்து நான்தான் பூட்டினேன். பக்கத்தில் நின்று ஸ்க்ரூ ஒவ்வொன்றாக எடுத்துத் தந்தவன் நீ. புரொசசர் ஐ3-2100, எல்லாவற்றையும் பூட்டுகிற மதர்போட் எச்61, ராம் 4 ஜிபி. நீ பார்த்து வைத்திருக்கிற ஐ7-3770 அதில் பொருந்தும், புரொசசர் உட்காருகிற சொக்கெட் ஒன்றுதான். இப்போது இருப்பதில் வேலை செய்கிற கோர் இரண்டு, அதில் நான்கு, ஒரே நேரத்தில் எட்டு த்ரெட், அதாவது எட்டு வேலை ஓடும். கலியாண வீடியோவை எடிட் பண்ணி முடித்து எக்ஸ்போர்ட் கொடுக்கிறாயே, அந்த நேரம் நன்றாகக் குறையும்.

ஆனால் நீ சொன்ன குறைகளில் முக்கால்வாசி எக்ஸ்போர்ட் பற்றியது இல்லை. ஓன் பண்ணினால் தேத்தண்ணி ஆறுமட்டும் காத்திருக்க வேண்டும் என்றாய். க்ரோமில் நாலு பக்கம் திறந்தால் அப்படியே இறுகி நிற்கிறது என்றாய். இது புரொசசரின் பிழை இல்லை, தம்பி. அடுத்த தரம் இறுகும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அமத்திப் பார், எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டுகிற டாஸ்க் மனேஜர் திறக்கும். சிபியு, அதாவது புரொசசர், இருபது முப்பது சதவீதத்தில் கிடக்க, டிஸ்க் மட்டும் 100 இல் நிற்கும் என்று நினைக்கிறேன். ஹாட் டிஸ்க்குக்குள் நிமிடத்துக்கு 7200 தரம் சுற்றுகிற தட்டின் மேல் ஒரு முள் அங்குமிங்கும் ஓடித் தேடுகிறது. 4 ஜிபி ராம் நிறைந்ததும் விண்டோஸ் மிச்சத்தையும் அந்தத் தட்டிலேயே கொண்டுபோய் எழுதும். எந்த ஐ7 ஐப் போட்டாலும் அது அந்த முள்ளுக்காகக் காத்துக்கொண்டுதான் இருக்கும்.

இதற்கு மருந்து எஸ்எஸ்டி, சுற்றுகிற தட்டே இல்லாமல் சிப்பில் எழுதுகிற டிஸ்க். எச்61 இல் டிஸ்க் பூட்டுகிற சாட்டா இணைப்பு பழைய 3 கிகாபிட் வேகம்தான், எஸ்எஸ்டியின் முழு வேகமும் வராது. பரவாயில்லை. தேடி ஓடுகிற முள் இல்லாமல் போவதுதான் பெரிய விஷயம். போன மாதம் ஒரு ரீச்சரின் மெஷினுக்கு எஸ்எஸ்டியும் இன்னொரு 4 ஜிபியும் போட்டுக் கொடுத்தேன். உன்னுடையதை விட ஒரு வயது மூத்தது அது. புரொசசரில் கையே வைக்கவில்லை. புதுசு வாங்கியது போல இருக்கிறது என்று அடுத்த நாளே கடைக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொன்று. உன் போட் இரண்டாம் தலைமுறை சிப்புகளோடு வந்தது. மூன்றாம் தலைமுறையான அந்த ஐ7 ஐ அடையாளம் காண, போட்டுக்குள்ளேயே இருந்து மெஷினை எழுப்புகிற பயோஸ் என்ற மென்பொருளுக்கு அப்டேட் தேவைப்படும், அதையும் பழைய ஐ3 பூட்டியிருக்கும்போதே செய்ய வேண்டும். இதில் எனக்கு ஒரு பட்ட அனுபவம் உண்டு. ஒரு மார்கழி மழை நாளில் வாடிக்கையாளர் ஒருவரின் போட்டுக்கு அப்டேட் போட்டுக்கொண்டிருந்தேன். அறுபது சதவீதம் ஓடியபோது கறண்ட் போனது. யூபிஎஸ் பற்றரி செத்துக் கிடந்ததை நான் கவனிக்கவில்லை. கறண்ட் வந்த பிறகு ஃபான் மட்டும் சுற்றியது, திரையில் ஒன்றும் வரவில்லை. என் காசில் வேறு போட் வாங்கிக் கொடுத்தேன். அந்தக் கறுத்த திரை இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீ தனியாக அறையில் இருந்து அதைச் செய்வதை நான் விரும்பவில்லை.

விண்டோஸ் 10 க்கான சாதாரண ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டெலில் எட்டாம் தலைமுறையில் இருந்துதான் முறைப்படி ஏறும். ஐ3 ஐ எடுத்து ஐ7 வைத்தாலும் நீ அந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம்தான் நிற்பாய். இதனால்தான் அந்த ஐ7 க்குக் காசு போட வேண்டாம் என்கிறேன். எஸ்எஸ்டி வாங்கு. நாளைக்குப் புது மெஷின் எடுத்தால் அதைக் கழற்றி அதிலேயே பூட்டலாம், அந்தக் காசு வீண் போகாது. மிச்சத்தைச் சேர்த்து வை. எடிட்டிங் வேலை மாதாமாதம் ஒழுங்காக வரத் தொடங்கினால், புது போட், புது புரொசசர் என்று முழுவதாகவே மாற்றுவோம். அப்போது நானும் கொஞ்சம் போடுகிறேன்.

ராமுக்குக் காசு செலவழிக்காதே. டிடிஆர்3 4 ஜிபி துண்டொன்று கடை லாச்சிக்குள் கிடந்தது, நேற்று இரண்டு மணித்தியாலம் ஓட்டிப் பார்த்தேன், நல்லாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை கொழும்பு பஸ்ஸில் அனுப்புகிறேன். புரொசசரின் சூட்டை மேலே இருக்கிற ஹீட்சிங்குக்குக் கடத்துகிற தெர்மல் பேஸ்ட் ஒரு சின்ன டியூபும் வைக்கிறேன். இங்கே டச்பே கடற்கரை உப்புக்காற்றில் எத்தனை வருடம் இருந்த பெட்டி அது! ஹீட்சிங்கைக் கழற்றினால் பழைய பேஸ்ட் காய்ந்த திருநீறு போல உதிரும். துணியால் துடைத்துவிட்டு ஒரு பயறளவு வை, போதும். சிப்பைச் சொக்கெட்டில் இருந்து எடுக்காதே. கம்பிகள் போட்டில்தான் இருக்கின்றன, மயிர் போல மெல்லியவை, ஒன்று வளைந்தாலும் கஷ்டம்.

அம்மா அதே பார்சலில் பொரிவிளாங்காய் வைக்கிறா. உன் இருமல் எப்படி என்று கேட்கச் சொன்னா.

இன்றிரவு டாஸ்க் மனேஜரை ஒரு படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. எக்ஸ்போர்ட் ஓடும்போது ஒன்று, இறுகி நிற்கும்போது ஒன்று. நான் பத்தரை வரைக்கும் முழித்திருப்பேன்.

அன்புடன்,
அப்பா