தம்பிக்கு: பன்னிரண்டு சிகரங்களுக்கு முன் ஒரே மலையை நான்கு முறை ஏறு

அன்புள்ள தம்பிக்கு,

நீ அனுப்பிய பட்டியலை நேற்று இரவு இரண்டு முறை படித்தேன். பன்னிரண்டு மாதம், பன்னிரண்டு சிகரம். ஒவ்வொன்றுக்கும் எதிரே உயரம், தேதி, முடித்ததும் டிக் அடிக்க ஒரு கட்டம். கோடையில் வழிகாட்டியோடு ஏறிய முதல் மலை உன்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்திருப்பதில் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். இதே மாதிரிப் பட்டியலோடு இன்னும் சிலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். அதனால்தான் உனக்குச் சொல்வதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

பட்டியல் போடுவது தப்பே இல்லை. ஸ்காட்லாந்தில் மூவாயிரம் அடிக்கு மேற்பட்ட மலைகளை ஹியூ மன்ரோ 1891-இல் தொகுத்து வெளியிட்டார். இன்று அந்தப் பட்டியலில் 282 சிகரங்கள். அவற்றை முடிக்கவே பலருக்குப் பாதி வாழ்க்கை போகிறது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் நாலாயிரம் அடியைத் தாண்டிய 48 மலைகள் உண்டு. அவற்றை முடித்த பிறகும் நிறுத்தாமல், ஒவ்வொரு மலையையும் ஜனவரியில் ஒரு தடவை, பிப்ரவரியில் ஒரு தடவை என்று பன்னிரண்டு மாதத்திலும் ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள். மொத்தம் 576 ஏற்றம். ஒரே வருடத்தில் முடிக்கவேண்டும் என்பதில்லை, பல வருடங்களாகச் சேர்க்கிறார்கள். ஜனவரியில் ஏறிய மலையை ஜூலையில் ஏறினால் அவர்கள் கணக்கில் அது தனி மலை. உன் பட்டியலில் நான் தேடியது அந்தக் கணக்கைத்தான்.

உலகின் இரண்டாவது உயரமான கே2 மலையின் உச்சியை மனிதர்கள் முதன்முதலில் தொட்டது 1954 கோடையில். அதே உச்சியைக் குளிர்காலத்தில் தொட 2021 ஜனவரி 16 வரை ஆனது. பத்து நேபாள வீரர்கள் உச்சிக்குச் சற்றுக் கீழே ஒருவருக்கொருவர் காத்திருந்து, ஒன்றாக நடந்து மேலேறினார்கள். இடையில் 66 வருடங்களுக்கு மேல், மலை ஒன்றுதான். நீயும் நானும் போகிற மலைகள் சின்னவை, சரி. ஆனால் நியூ ஹாம்ப்ஷயரில் உள்ள மவுண்ட் வாஷிங்டனும் 1,917 மீட்டர்தான். அதன் உச்சியில் 1934 ஏப்ரல் 12 அன்று மணிக்கு 372 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நாட்காட்டிப்படி அது வசந்தகாலம்.

கோடையில் நீ கற்றது என்ன? இருட்டிலேயே கிளம்பி, மதியத்துக்கு முன் முகட்டை விட்டு இறங்கிவிடவேண்டும், பிற்பகலில் இடி மின்னல் வரும். அவ்வளவுதான். மற்றதெல்லாம் கோடை உனக்குச் சும்மா கொடுத்தது: காய்ந்த பாதை, நீண்ட பகல், தண்ணீர் பாட்டிலில் தண்ணீர்.

குளிர்காலத்தில் அந்தப் பாட்டிலின் வாயே உறைந்துவிடும். தலைகீழாக வைத்துக்கொள் என்று வழிகாட்டி சொன்னபோது எனக்குப் புரியவில்லை. தண்ணீர் மேலிருந்துதான் உறையும். கவிழ்த்து வைத்தால் பனிக்கட்டி அடிப்பக்கம் கட்டும், மூடி திறக்கும். அன்று கற்ற இன்னொரு விஷயம், கிளம்பும்போது கொஞ்சம் குளிரவேண்டும் என்பது. நான் எல்லா உடுப்பையும் மாட்டிக்கொண்டு நடந்து, அரை மணி நேரத்தில் வேர்த்துக் கொட்டினேன். முதல் ஓய்வில் நின்றதும் அந்த ஈரம் என் உடம்புச் சூட்டை உறிஞ்சத் தொடங்கியது, விரல் மடங்கவில்லை. வழிகாட்டி ஒன்றும் பேசாமல் என் பையைத் திறந்து, காய்ந்த பனியனை எடுத்துக் கையில் கொடுத்தார். வேர்ப்பதற்கு முன்பே ஒரு அடுக்கைக் கழற்று. இதை எத்தனை தடவை படித்தாலும் ஒரு தடவை நடுங்கினால்தான் உறைக்கும்.

மலைமேல் படிந்த பனி மொத்தமாகச் சரிந்து விழும் பனிச்சரிவைப் பற்றியும் அங்கேதான் முதலில் யோசித்தேன். பெரும்பாலும் முப்பது முதல் நாற்பத்தைந்து டிகிரி வரையுள்ள சரிவுகளில்தான் அது கிளம்பும், அதாவது ஏறுவதற்கு ஆசையாக இருக்கும் அதே சரிவுகளில். அதில் சிக்கிக்கொள்கிறவர்களில் மிகப் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவர்களோ மிதித்துக் கிளப்பிய பனியில்தான் மாட்டுகிறார்கள். எந்தச் சரிவைச் சுற்றிக்கொண்டு போகிறார், ஏன், என்று வழிகாட்டியைக் கேட்டுக்கொண்டே இரு. கேள்வி கேட்டால் சலித்துக்கொள்கிறவர் என்றால் வேறு ஆளைப் பார்.

பனி உருகும் காலத்தை எல்லோரும் சுலபம் என்று நினைக்கிறார்கள். காலையில் இறுகிய பனிமேல் தரைபோல நடக்கலாம். பிற்பகலில் அதே பனி இளகி, தொடைவரை உள்ளே இழுக்கும். காலையில் தாண்டிய ஓடை, மேலே வெயில் உருக்கிய தண்ணீரெல்லாம் சேர்ந்து, திரும்பும்போது தாண்ட முடியாமல் நிற்கும்.

இலையுதிர்காலத்தைப் பற்றி உனக்குச் சொல்ல என்னிடம் ஒரு கோபம் இருக்கிறது. ஐந்து பேர் போனோம். முந்தின இரவே வழிகாட்டி, "பன்னிரண்டரைக்கு எங்கே இருந்தாலும் திரும்புகிறோம்" என்றார். மறுநாள் பன்னிரண்டரைக்கு முகட்டில் நின்றோம். உச்சி கண்ணுக்கு எதிரே, நாற்பது நிமிட நடை. வானத்தில் ஒரு மேகம் இல்லை. அவர் கடிகாரத்தைப் பார்த்தார், திரும்பினார். நான் இரண்டு மணி நேரம் அவரோடு பேசவில்லை. மழையும் வரவில்லை, காற்றும் வரவில்லை. எங்களில் ஒருவருக்கு முழங்கால் வலி. ஈர இலை மூடிய பாறைகளில் அவர் அடிமேல் அடி வைத்து இறங்க, சாலையைத் தொட்டபோது ஐந்து பேரும் நெற்றியில் கட்டும் விளக்கைப் போட்டிருந்தோம். உச்சிக்குப் போயிருந்தால் இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்தப் பாறைகளில் இருட்டில் இருந்திருப்போம். அன்று இரவு அவர் சொன்னார்: "இந்த முடிவை நான் நேற்றே எடுத்துவிட்டேன். மேலே போய் எடுத்தால் உச்சி எனக்காக முடிவெடுத்துவிடும்."

1996 மே 10 அன்று எவரெஸ்ட்டில் திரும்பவேண்டிய நேரம் தாண்டிய பிறகும் பலர் மேலே போய்க்கொண்டிருந்தார்கள். மாலையில் புயல் பிடித்தது. எட்டுப் பேர் திரும்பவில்லை. இறந்தவர்களில் ராப் ஹால், ஸ்காட் பிஷர் என்ற தேர்ந்த வழிகாட்டிகளும் உண்டு. ஹாலோடு அன்று உச்சிக்கு அருகே மாட்டிக்கொண்டவர், முந்தின வருடம் உச்சியை நெருங்கியபோது திருப்பி அழைத்து வரப்பட்டவர். விட்டுப்போன உச்சி மனதை எப்படி இழுக்கும் என்று எனக்குத் தெரியும். பன்னிரண்டு கட்டங்கள் பன்னிரண்டு மடங்கு இழுக்குமே என்றுதான் பயப்படுகிறேன்.

அதனால் என் யோசனை இது. பட்டியலை மடித்து வை, கிழிக்காதே. முதல் வருடம் உனக்குப் பிடித்த ஒரே மலையைத் தேர்ந்தெடுத்து நான்கு பருவத்திலும் ஏறு. முடிந்தால் ஒரே வழிகாட்டியோடு. உன் வேகமும் உன் பிடிவாதமும் அவருக்குத் தெரிந்திருக்கும், நீயும் அவர் எதைப் பார்த்து முகம் மாறுகிறார் என்று கவனிக்கத் தொடங்குவாய். முன்பணம் கொடுக்குமுன் இரண்டே கேள்வி கேள்: எத்தனை மணிக்குத் திரும்புவோம்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? குளிர்காலத்திலும் கோடைக் கணக்கிலேயே ஆள் சேர்க்கிறவரோடு போகாதே.

நேரக் கணக்கையும் நீயே போட்டுப் பார். நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-இல் சொன்ன வழி சுலபமானது: ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி, அதோடு ஏறுகிற ஒவ்வொரு 600 மீட்டருக்கும் இன்னொரு மணி. பத்து கிலோமீட்டர் தூரத்தில் 900 மீட்டர் ஏறவேண்டும் என்றால் மூன்றரை மணி நேரம். ஓய்வு இதில் சேராது. கோடையில் உன் உண்மையான நேரத்தை இதோடு ஒப்பிட்டு எழுதி வை. பனியில் அதே பாதைக்கு எவ்வளவு ஆகிறது என்று பார்த்துப் பக்கத்திலேயே எழுது. அந்த இரண்டு எண்களும் உன்னிடம் இருந்தால் வழிகாட்டி "திரும்பலாம்" என்னும்போது உனக்குக் கோபம் வராது. எனக்கு வந்தது.

நான் கோபப்பட்ட அந்த மலையில் கோடையில் உச்சி தொட்டிருக்கிறேன். இலையுதிர்காலத்தில் நாற்பது நிமிடம் மிச்சம். குளிர்காலத்தில் முகட்டுக்குக்கூடப் போக முடியவில்லை, காற்று விடவில்லை. இனி பனி உருகும் காலம் பாக்கி. அதே வழிகாட்டியோடு போகிறேன், குழுவில் ஓர் இடம் இருக்கிறது. வருவதாக இருந்தால் பூட்ஸை இப்போதே வாங்கி, தினமும் போட்டு நடந்து பழக்கு. அப்புறம், பட்டியலையும் கொண்டு வா. இறங்கி வந்த பிறகு இரண்டு பேரும் உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
அக்கா