அட்டையில் குறைத்து எழுதாதே, அம்மிணி

உடுமலைப்பேட்டை

அன்புள்ள அம்மிணி,

வியாழக்கிழமை இரவு நீ போனில் சொன்னதிலேயே என் மனம் நிற்கிறது. மும்பையில் கட்டப்போகும் வளாகத்துக்கு எவ்வளவு மின்சாரம் ஆகும் என்று நீங்கள் கணினியில் போட்டுக் கொடுக்கும் கணக்கில், அலுவலகங்கள் இயங்கும் நேரத்தைக் குறைத்துப் போடச் சொல்கிறார்கள் என்றாய். ஒரு சதுர மீட்டருக்கு ஆண்டுக்கு இத்தனை யூனிட் என்ற எண் சிறிதாகத் தெரிந்தால் விற்பனைக்கு நல்லதாம். "எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்களாம் அப்பா" என்றபோது உன் குரல் இறங்கியிருந்தது.

வேண்டாம் சாமி. அப்படிப் போடாதே.

மின்வாரியத்தில் 31 ஆண்டுகள் வீடு வீடாக ஏறி இறங்கி, மீட்டரைப் பார்த்து வெள்ளை அட்டையில் எழுதியவன் நான். ஒருவர் ஐம்பது யூனிட் குறைத்து எழுதச் சொல்லிக் கெஞ்சினார். எழுதினால் கட்டண வரம்புக்குள் நின்றுவிடுவாராம். நான் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் மீட்டர் நிற்காது. அடுத்த இரண்டு மாதத்தில் அந்த ஐம்பதும் சேர்ந்துகொண்டு அவரை மேல் வரம்பில் தள்ளியிருக்கும். உன் கட்டடத்திலும் மீட்டர் ஓடத்தான் போகிறது.

போன பொங்கலுக்கு வந்தபோது திண்ணையில் உட்கார்ந்து நீ விளக்கியது நினைவிருக்கிறதா? கடை, அலுவலகம், ஓட்டல், வீடு எல்லாம் ஒரே வளாகத்தில் இருப்பதன் நன்மையே நேரம்தான் என்றாய். அலுவலகம் காலை பத்துக்கு ஏறி மாலையில் இறங்கும், வீடுகள் இரவில் ஏசி போடும், கடைகளுக்குச் சனி ஞாயிறுதான் கூட்டம். ஒவ்வொன்றின் உச்சத்தையும் கூட்டி இயந்திரம் வாங்கினால் பாதி சும்மா நிற்கும். ஒரே நேரத்தில் எவ்வளவு தேவை என்று பார்த்து வாங்கினால் சில்லரும் (ஏசிக்குத் தண்ணீரைக் குளிர்விக்கும் பெரிய இயந்திரம்) டிரான்ஸ்பார்மரும் சிறிதாகும். நம் பரம்பிக்குளம்-ஆழியாறு பாசன (பி.ஏ.பி.) வாய்க்காலில் நான்கு மண்டலங்களுக்கும் முறை வைத்துத் தண்ணீர் விடுவதைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அலுவலகத்தைக் குளிர்விக்கும்போது வெளியேறும் வெப்பத்தை ஓட்டலின் வெந்நீருக்கு எடுக்கலாம், வீடுகளின் கழிவுநீரைச் சுத்திகரித்துக் ஏசியின் வெப்பத்தை வெளியே விடும் கூலிங் டவருக்குக் கொடுக்கலாம் என்றும் சொன்னாய். எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. இதெல்லாம் நிற்பது எந்த நேரத்தில் யாருக்கு எவ்வளவு என்ற கணக்கின் மேல். அதைத்தானே இப்போது மாற்றச் சொல்கிறார்கள்? நேரம் பொய்யானால் வெந்நீரும் வராது, சில்லரும் போதாது.

உன் சித்தப்பா பசுமைச் சான்றிதழ் பெற்ற அடுக்குமாடியில்தான் வீடு வாங்கினார். மேற்குச் சுவர் முழுக்கக் கண்ணாடி. சித்திரை மதியத்தில் அந்த அறையில் கால் வைக்க முடியாது. திரையை இழுத்துவிட்டு ஏசியையும் விளக்கையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். சுத்திகரிப்பு நிலையத்துக்குக் கரண்ட் செலவு கட்டுப்படியாகவில்லை என்று நிறுத்திவிட்டார்கள். கழிவுநீரை லாரி வந்து எடுக்கிறது, நல்ல தண்ணீரும் லாரியில்தான் வருகிறது. சான்றிதழ் மட்டும் வரவேற்பறையில் தொங்குகிறது. கட்டடம் கட்டுகிறவர் ஒருவர், கரண்ட் பில் கட்டுகிறவர் இன்னொருவர் என்றிருக்கும் இடத்தில் பேச ஆள் இல்லை. அந்த இடத்தில்தான் உன்னைப் போன்றவர்கள் பேச வேண்டும்.

நம் ஊரிலேயே ஒரு பாடம் நட்டு வைத்திருக்கிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பி, 1990களில் பல்லடத்திலிருந்து உடுமலை வரை காற்றாலைகள் முளைத்தன. அப்போது காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் கழித்து வருமான வரியைக் குறைத்துக்கொள்ளலாம். நட்டதற்குச் சலுகை, எத்தனை யூனிட் கொடுத்தது என்று கேட்கவில்லை. அந்தச் சலுகை இல்லாவிட்டால் இத்தனை காற்றாலைகள் வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு என்ற ஊக்கத்தொகை 2009இல்தான் வந்தது. கட்டடங்களிலும் இதே கதைதான் நடக்கிறது. 2017ஆம் ஆண்டில் வந்த கட்டட எரிசக்திச் சிக்கன விதி வடிவமைப்பைப் பார்த்தது, அதில் 25, 35, 50 சதவீதம் மிச்சம் என்று மூன்று படிகள் வைத்திருந்தார்கள். குடியேறிய பிறகு ஓடும் மீட்டரைப் பார்க்க யார் வருகிறார்கள்?

ஒரே மேஸ்திரி ஒரே அளவில் கட்டிய பன்னிரண்டு வீடுகள் என் வழித்தடத்தில் இருந்தன. ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் மூன்று மடங்கு வித்தியாசம் வரும். கணினிக்கு அது எப்படித் தெரியும்? அதனால் ஒரே எண்ணாகக் கொடுக்காதே. இதிலிருந்து இதுவரை என்று இரண்டு எண் கொடு. எந்த நேரக் கணக்கை வைத்துப் போட்டாய் என்பதையும் பக்கத்திலேயே எழுது. கடைக்கு, அலுவலகத்துக்கு, ஓட்டலுக்கு, வீட்டுக்கு, சில்லருக்கு, பம்புக்குத் தனித்தனி மீட்டர் வைக்கச் சொல். ஆட்கள் குடியேறிய பிறகு ஒரு வருடம் நீங்களே வந்து பார்த்துச் சரிசெய்து தருவதாக ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கக் கேள், அதற்குரிய கட்டணத்தோடு. மறுத்தாலும் கேட்டது எழுத்தில் இருக்கட்டும். வேலை போய்விடுமோ என்று உன் அம்மா பயப்படுகிறாள். போனால் இந்த வீட்டுக் கதவு திறந்தே இருக்கிறது.

கொள்ளும் பருப்புப் பொடியும் பார்சலில் வருகின்றன. என் பழைய நோட்டில் உன் வளாகத்துக்கென்று ஒரு பக்கத்தில் பன்னிரண்டு மாதத்துக்கும் கோடு போட்டு வைத்திருக்கிறேன். முதல் ரீடிங் எடுத்ததும் எனக்குச் சொல்.

அன்புடன்,
அப்பா