எல்லாவற்றையும் கர்னலுக்குள் அடைக்காதே

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் எழுத இவ்வளவு தாமதமானதற்கு மன்னித்துக்கொள். அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் நிம்மதி வந்தது. வெயிலில் மட்டும் விடாதே.

சரி, உன் லேப்டாப் விஷயம். லினக்ஸின் மையப் பகுதியான கர்னலை நீயே கம்பைல் செய்யப் போவதாகவும், மாட்யூலே (தேவைப்படும்போது தனியாக ஏற்றும் கர்னல் துண்டு) இல்லாமல், கருவிகளை இயக்கும் எல்லா டிரைவரையும் உள்ளேயே சேர்த்தால் வேகம் கூடும் என்றும் எழுதியிருக்கிறாய். வேகத்துக்காக என்றால் வேண்டாம்டா. மாட்யூல் ஒருமுறை ஏறிவிட்டால் அதுவும் கர்னலின் ஒரு பகுதிதான், அதே நினைவகம், அதே அதிகாரம், அன்றாட வேலையில் உனக்கு வித்தியாசமே தெரியாது.

எதை உள்ளே வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். முதல்முறை நான் கம்பைல் செய்தபோது டிஸ்க்கை இயக்கும் என்விஎம்இ டிரைவருக்கு 'எம்' (மாட்யூல்) போட்டேன், பூட் ஆகும்போது நினைவகத்தில் ஏறும் சின்ன தற்காலிக ஃபைல் தொகுப்பான இனிட்ராம்எஃப்எஸ்ஸைத் தயாரிக்கவில்லை. டிஸ்க்கில் இருக்கும் ரூட் ஃபைல் சிஸ்டத்தை மவுன்ட் செய்ய (இணைத்துத் திறக்க) முடியவில்லை என்று கர்னல் பேனிக் ஆகி நின்றுவிட்டது. டிஸ்க்கைப் படிக்க டிரைவர் வேண்டும், அந்த டிரைவரோ அதே டிஸ்க்கில் மாட்யூலாகக் கிடக்கிறது, பெட்டிக்குள் சாவியை வைத்துப் பூட்டின மாதிரி. தயாராகக் கிடைக்கும் லினக்ஸ் தொகுப்புகளான டிஸ்ட்ரோக்கள் இதற்காகத்தான் தேவையான மாட்யூல்களை இனிட்ராம்எஃப்எஸ்ஸில் வைத்து, கர்னலைத் தொடங்கிவைக்கும் பூட்லோடர் மூலம் கர்னலோடு சேர்த்தே நினைவகத்தில் ஏற்றுகின்றன. உனக்கு அது வேண்டாமென்றால் என்விஎம்இ, உன் ஃபைல் சிஸ்டமான இஎக்ஸ்டி4 இரண்டுக்கும் 'ஒய்' (உள்ளேயே சேர்) போட்டுவிடு.

வைஃபை இதற்கு நேர் எதிர். அந்த டிரைவரை உள்ளே வைத்தால், ரூட் மவுன்ட் ஆவதற்கு முன்பே அது வைஃபை சிப்புக்குள் ஏற்ற வேண்டிய நிரலான ஃபர்ம்வேர் ஃபைலைத் தேடும், கிடைக்காது, வைஃபை செத்துக் கிடக்கும். ஃபர்ம்வேரையும் கர்னலுக்குள்ளேயே சேர்க்க வழி இருக்கிறது, ஆனால் ஃபர்ம்வேர் மாறும்போதெல்லாம் கர்னலைத் திரும்பக் கட்ட வேண்டும். மாட்யூலாக இருந்தால், தூங்கி எழுந்த லேப்டாப்பில் வைஃபை முரண்டு பிடிக்கும்போது மாட்ப்ரோப் கட்டளை கொண்டு இறக்கி ஏற்றினால் போதும்.

பாதுகாப்புக்காக மாட்யூல் வேண்டாம் என்கிறாயா, அதில் நியாயம் இருக்கிறது. ஓபன்பிஎஸ்டி என்ற இன்னொரு இயங்குதளம் 2015-இல் வந்த 5.7 பதிப்பிலேயே ஏற்றக்கூடிய மாட்யூல்களை அடியோடு நீக்கிவிட்டது. லினக்ஸிலும் தேவையானவை ஏறிய பிறகு மாட்யூல்ஸ்_டிஸேபிள்ட் என்ற கர்னல் அமைப்பை 1 ஆக்கிவிட்டால், ரீபூட் செய்யும் வரை புதிதாக எதுவும் ஏறாது. சர்வருக்கு நான் அப்படித்தான் செய்வேன். தினம் ஒரு பொருளைச் செருகும் உன் லேப்டாப்புக்கு அது தொல்லை.

கம்பைல் செய்வதற்கு முன் 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' கட்டளையை ஓட்டிப் பார், அந்த நேரத்தில் ஏறியிருக்கும் மாட்யூல்களை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கழித்துவிடும், கம்பைல் நேரம் நன்றாகக் குறையும். அதனால் அதற்கு முன் பென்டிரைவ், ஹெட்செட், கேமரா என்று நீ பயன்படுத்தும் எல்லாவற்றையும் ஒருமுறை செருகிவிடு. அப்புறம், பழைய கர்னலை, பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவிலிருந்து எடுத்துவிடாதே. ஞாயிறு காலை வீட்டில்தான் இருப்பேன், எங்காவது நின்றால் திரையைப் படமெடுத்து அனுப்பு.

அன்புடன்,
முரளி