வெளிச்சுவர்ப் பூச்சுப் பணி: நிறைவு அறிக்கை

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நம் குடியிருப்பின் இரண்டு பிளாக்குகளிலும் வெளிச்சுவர் வேலை ஐப்பசி மழைக்கு முன்பே முடிந்துவிட்டது. சாரம் பிரித்தாகிவிட்டது, வண்டிகளைப் பழைய இடத்திலேயே நிறுத்தலாம்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குத் தெளித்த ‘லிக்விட் சைடிங்’ என்னும் தடித்த வெளிச்சுவர்ப் பெயிண்டை இங்கும் அடிக்கலாமே என்று பொதுக்குழுவில் சிலர் கேட்டிருந்தார்கள். அங்கே பெரும்பாலான வீடுகள் மரச்சட்டத்தில் எழுந்தவை. வெளியே மரப்பலகையோ வினைல் (பிளாஸ்டிக்) பலகையோ போர்த்தியிருக்கும். அந்தப் பலகையை மாற்றாமல் சமாளிக்க விற்கப்படுவது அது. நம்முடையது செங்கல்லும் சிமெண்டுப் பூச்சும். ஆகவே அதே இனத்தைச் சேர்ந்த எலாஸ்டோமெரிக் அக்ரிலிக் பூச்சை, அதாவது ரப்பர்போல் இழுபடும் பெயிண்டை, தேர்ந்தெடுத்தோம். வெயிலில் சுவர் விரிந்து சுருங்கும்போது மயிரிழை விரிசலின் மேல் இது அறுபடாமல் இழுபடும். அகலமான விரிசலை இது அடைக்காது. குழாய்க் கசிவை நிறுத்தாது. விற்க வந்தவர்கள் யாரும் இதைச் சொல்லவில்லை.

அதனால்தான் பணத்தில் பெரும்பங்கு பெயிண்டுக்கு அடியிலேயே போயிற்று. கடலைப் பார்த்த சன்ஷேடுகளில் உப்புக்காற்று பட்டுக் கம்பிகள் துருவேறியிருந்தன. துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட்டைப் பிளந்துவிடும். சுத்தியலால் தட்டிப் பார்த்து, பொள்ளலாக ஒலித்த இடங்களையெல்லாம் உடைத்து, கம்பியைச் சுரண்டி, துருத்தடுப்பு பூசி, பாலிமர் கலவையால் அடைத்தோம். பி பிளாக்கில் கழிவறைக் குழாய் இணைப்புகளை முதலில் சரிசெய்தோம். உள்ளிருந்து ஓதம் தள்ளினால் எவ்வளவு விலையுயர்ந்த பூச்சும் கொப்புளித்து உரியும். புதிய சிமெண்டுப் பூச்சு 28 நாள் ஆறும்வரை பெயிண்டர்களை நிறுத்தி வைத்ததில் பலருக்குக் கோபம். அது சரியான முடிவு என்றே குழு இப்போதும் கருதுகிறது.

தெளிப்பு காலையில் மட்டுமே நடந்தது. நண்பகலில் கடல்காற்று எழுந்தால் நம் பெயிண்ட் அடுத்த தெரு கார்களுக்குப் போய்விடும். தெளித்த கையோடு ரோலரும் உருட்டினார்கள். பெயிண்டில் தண்ணீர் கூடுதலாகக் கலக்கிறதோ என்று சந்தேகம் வந்தபோது, பொருளாளர் சீப்புபோல் பல் வெட்டிய சிறு தகட்டை ஈரச் சுவரில் அழுத்தி, எந்தப் பல்வரை பெயிண்ட் ஒட்டுகிறது என்று பார்த்தார். பாதி நீரான பெயிண்ட் 400 மைக்ரான் (0.4 மில்லிமீட்டர்) ஈரமாக விழுந்தால் காய்ந்தபின் 200தான் நிற்கும். அதற்கு மேலும் தண்ணீர் ஊற்றினால் நிறம் மட்டுமே மிஞ்சும். மூன்றாம் மாடியில் தடிப்பு குறைந்திருந்தது. அங்கே ஒப்பந்ததாரர் தம் செலவில் இன்னொரு கை அடித்துக் கொடுத்தார்.

18 சதவீத ஜிஎஸ்டி உட்பட முழுக் கணக்கும் ரசீதுகளோடு அலுவலகத்தில் இருக்கிறது. ஒப்பந்ததாரருக்குத் தர வேண்டியதில் பிடித்தம் செய்த தொகையை இந்த மழைக்காலம் முடிந்து, சுவரைப் பார்த்த பிறகே விடுவிப்போம்.

ஏசி, கேபிள், துணிக்கொடி என எதற்காக வெளிச்சுவரில் துளையிட்டாலும் முன்கூட்டிச் செயலாளரிடம் சொல்லுங்கள். துளையைச் சீலன்ட் வைத்து அடைப்பது அந்த வீட்டுக்காரரின் பொறுப்பு.

இப்படிக்கு,
பணிக்குழு