வியாழனும் எதிர்த்திசைச் சிறுகோளும்: படத்தில் உள்ள பிழை

ஆசிரியர் அவர்களுக்கு,

வியாழனின் பாதையை ஒட்டி, கோள்களுக்கு எதிர்த்திசையில் சூரியனைச் சுற்றும் 2015 பிஇசட்509 சிறுகோளைப் பற்றி உங்கள் அறிவியல் பக்கம் எழுதியது மகிழ்ச்சி. ஆனால் ஒரே வட்டத்தில் இரண்டையும் நேருக்கு நேர் வரைந்துவிட்டு, மோதல் எப்போது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தப் படத்தின்படி பார்த்தால், அவை எப்போதோ மோதியிருக்க வேண்டும்.

இரண்டுக்கும் பொதுவானது சுற்றுக்காலம்தான்: ஏறத்தாழ 12 ஆண்டுகள். பாதைகள் வேறு. வாசகர்களே வரைந்து பார்க்கலாம். 15 கோடி கிலோமீட்டருக்கு 1 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், வியாழனுக்கு 5.2 செ.மீ. ஆரத்தில் ஒரு வட்டம். சிறுகோளுக்கு 10.3 செ.மீ. நீளமும் 9.5 செ.மீ. அகலமும் கொண்ட நீள்வட்டம். சூரியனை அதன் நடுவில் வைத்துவிடக் கூடாது. நீள அச்சில் 2 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். பலரும் கோட்டை விடுவது இங்கேதான். சரியாக வரைந்தால் சிறுகோள் ஒரு பக்கம் 3.2 செ.மீ. வரை சூரியனை நெருங்கி, மறுபக்கம் 7.1 செ.மீ. வரை விலகும்.

தாளில் இரு கோடுகளும் வெட்டிக்கொள்ளும். உண்மையில் சிறுகோளின் பாதை கோள்கள் சுற்றும் தளத்துக்குச் சுமார் 17 பாகை சாய்ந்தது. அது வியாழனின் தூரத்தைக் கடக்கும் நேரத்தில் வியாழன் அங்கே இருப்பதும் இல்லை. ஒரு சுற்றுக்கு இருமுறை இரண்டும் எதிர்ப்படுகின்றன: ஒருமுறை வியாழனுக்கு உள்பக்கமாக, மறுமுறை வெளிப்பக்கமாக. முதல் சந்திப்பில் வியாழனின் ஈர்ப்பு ஏற்படுத்தும் விலகலை அடுத்த சந்திப்பு சரிக்கட்டிவிடுகிறது. மிக அருகில் வந்தாலும் இடைவெளி சுமார் 17.6 கோடி கி.மீ.; இது பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். குறைந்தது 10 லட்சம் ஆண்டுகளாக இந்த ஏற்பாடு குலையவில்லை என்பது 2017-இல் 'நேச்சர்' இதழில் வந்த கணக்கு.

வியாழனின் பாதையிலேயே அதனுடன் சேர்ந்து சுற்றும் டிரோஜன் சிறுகோள்களை, வியாழனை ஒட்டியே புள்ளி வைத்திருப்பதும் சரியல்ல. அவை வியாழனுக்கு 60 பாகை முன்னும் பின்னும் திரள்கின்றன. வியாழனின் வட்டத்தை வரைந்த கவராயத்தின் அகலத்தை மாற்றாமல், வியாழனில் முள்ளை ஊன்றி வட்டத்தின் இருபுறமும் வெட்டுங்கள். அவைதான் அந்த இடங்கள். அதாவது வியாழனிலிருந்து சூரியன் எவ்வளவு தூரமோ, அதே 78 கோடி கி.மீ.

கடைசியாக ஒன்று. 2015 பிஇசட்509 வேறொரு விண்மீனிடமிருந்து வந்தது என்பது 2018-இல் கணினிக் கணக்கை வைத்துச் சொல்லப்பட்ட கருத்து. அதை ஏற்காத வானியலாளர்களும் உண்டு. உங்கள் தலைப்போ அதை முடிந்த முடிவாக்கிவிட்டது.

– வானியல் ஆசிரியர், திருச்சி