குண்டுக்கு மறைவான இடம், பனிச்சரிவுக்கு வழி: டோலமைட் போர்முனையில் ஸ்கீ பயணம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

வட இத்தாலியின் டோலமைட் மலைகளில், பழைய போர்முனையில் ஸ்கீ (பனிச்சறுக்கு) பயணத்துக்கு ஆள் சேர்க்கும் மலையேற்றச் சங்கங்களுக்கும் குழுத்தலைவர்களுக்கும்,

வணக்கம்.

குளிர்காலம் நெருங்கினாலே உங்கள் பயணத் திட்டங்கள் சுற்றுக்கு வந்துவிடுகின்றன. முதல் உலகப்போரில் இத்தாலியும் ஆஸ்திரியா-ஹங்கேரியும் 1915 மே தொடங்கி 1917 நவம்பர் வரை எதிரெதிரே உட்கார்ந்திருந்த மலைகள் இவை. கோல் டி லானா, லகசுவோய், மர்மொலாடா என்று பெயர்களைக் கோத்து, பழைய போர்முனைக் கோட்டினை வரைபடத்தில் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே மூன்று நாள் பாதையையும் இழுத்துவிடுகிறீர்கள். எங்கள் ஆட்சேபம் அந்தக் கோட்டின் மேல்தான்.

1916 டிசம்பர் 13 அன்று மர்மொலாடாவின் கிரான் போஸில் நடந்தது உங்கள் துண்டறிக்கைகளில் ஒரு வரியாக வருகிறது. அது முதல் பக்கத்துக்கு வரவேண்டிய செய்தி. ஆஸ்திரியப் படையினரின் மரக்கொட்டகைகளைப் பாறையடியில் கட்டியிருந்தார்கள். இத்தாலியப் பீரங்கி அங்கே எட்டாது. நாள்கணக்கில் பனி கொட்டி, பிறகு வெப்பம் ஏறியது. இடத்தை மாற்றச் சொல்லி அங்கிருந்த கேப்டன் ருடால்ஃப் ஷ்மிட் மேலிடத்தைக் கேட்டார், மேலிடம் மறுத்தது. அதிகாலையில் மேலேயிருந்த பனி மொத்தமாக இறங்கி, சுமார் 270 பேர் மாண்டார்கள். குண்டுக்கு மறைவாக இருந்த இடம் பனி இறங்கும் வழியாகவும் இருந்தது. போர்க்காலத்துத் தடங்களும் தங்குமிடங்களும் பெரும்பாலும் இந்த ஒரே கணக்கில் போடப்பட்டவை: எதிரி கண்ணில் படக்கூடாது. பனியின் கணக்கு வேறு.

கோவேறுகழுதைப் பாதைகளை எடுத்துக்கொள்ளுங்கள். படைக்குச் சோறும் குண்டும் போவதற்காக வெட்டிய பாதைகள் படத்தில் நிதானமான ஏற்றமாகத் தெரியும். கோடையில் அப்படித்தான் இருக்கும். ஜனவரியில் காற்று பனியை வாரிவந்து பாதையின் பள்ளத்தை நிரப்பிவிட்டால், பாதையே இருக்காது. மேலேயும் கீழேயும் உள்ள சரிவு ஒரே பலகையாக ஒட்டிக்கொள்ளும். 10 பாகை ஏற்றத்தில் போகிறோம் என்று நினைப்பவர், 38 பாகைச் சரிவின் வயிற்றைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போகிறார். அதனால் கோணத்தைப் பாதையின் நீளவாக்கில் அளக்காதீர்கள். பாதைக்குக் குறுக்கே, உயரக்கோடுகளுக்குச் செங்குத்தாக அளங்கள். 1:25,000 படத்தில் 100 மீட்டர் உயரத்துக்கான இடைவெளி 7 மில்லிமீட்டர் என்றால் சரிவு 30 பாகை. 6 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்தால் 35. 5 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைந்தால் 40. ஒரு அடிக்கோல் போதும். பலகைபோல் இறுகிய பனி மொத்தமாகப் பெயரும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30க்கும் 45க்கும் இடையில்தான் கழன்று வருகின்றன.

இதோடு பனிச்சரிவு அறிக்கை தரும் அன்றைய எச்சரிக்கை நிலையை (1 முதல் 5 வரை, 5 மிக ஆபத்து) சேர்த்துப் பாருங்கள். நிலை 2 என்றால் 40 பாகைக்குக் கீழே, 3 என்றால் 35க்குக் கீழே, 4 என்றால் 30க்குக் கீழே என்பது சுவிஸ் மலை வழிகாட்டி வெர்னர் முன்டர் வகுத்த எளிய கணக்கு. நிலை 3இல் காலடிச் சரிவை மட்டும் பார்த்தால் போதாது, தலைக்கு மேலே உள்ள முழுச் சரிவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உங்கள் திட்டங்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான்.

அறிக்கை விஷயத்திலும் ஒரு சிக்கல் உண்டு. ஃபல்சாரேகோ கணவாய்ப் பக்கம் வெனெட்டோ மாநிலத்துக்குள் வருகிறது; அதற்கான பனிச்சரிவு அறிக்கை அரப்பாவில் உள்ள மையத்திலிருந்து வரும். வடக்கே ஃபானெஸ் பீடபூமியில் இறங்கினால் தென் திரோல். அதற்குத் திரோல், தென் திரோல், திரெந்தினோ மூன்றும் சேர்ந்து வெளியிடும் வேறு அறிக்கை, மாலை 5 மணிக்கு. ஒரே நாளில் இரண்டு பக்கமும் காலை வைக்கிற குழு இரண்டையும் படித்தாக வேண்டும். எண்ணை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். எந்தத் திசை, எந்த உயரத்துக்கு மேல், எந்த வகைப் பனி என்பவைதான் பாதையைத் தீர்மானிப்பவை.

இனி கோல் டி லானா. 2,452 மீட்டர். 1916 ஏப்ரல் 17 இரவு இத்தாலியர் உச்சிக்கு அடியில் சுரங்கம் தோண்டி, ஐந்து டன் அளவு வெடிமருந்து வைத்துத் தகர்த்த மலை. உச்சியில் அந்தக் குழி இன்றும் இருக்கிறது. குழியைப் பார்க்கவே எல்லோரும் ஏறுகிறார்கள். ஆனால் குளிர்காலத்தில் அது காற்று பனியைக் கொண்டுவந்து கொட்டும் கிண்ணம், விளிம்பில் அடியில் பிடிமானமில்லாமல் வெளியே துருத்தும் பனி உதடு கட்டும். எட்டிப் பார்க்காதீர்கள், விளிம்பிலிருந்து பல மீட்டர் உள்வாங்கி நில்லுங்கள்.

பியேவே டி லிவினல்லோங்கோவிலிருந்து (1,475 மீட்டர்) ஏறினால் கிட்டத்தட்ட 980 மீட்டர் ஏற்றம். 100 மீட்டர் ஏற்றத்துக்கு ஒன்று, ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு ஒன்று என்று எண்ணிக் கூட்டி, நாலால் வகுத்தால் மணிக்கணக்கு கிடைக்கும். தூரம் 4 கிலோமீட்டர் என்று கொண்டால் 10+4=14; மூன்றரை மணி நேரம். எட்டுப் பேர் குழுவுக்கு, ஸ்கின் (ஏறும்போது வழுக்காமலிருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் பட்டை) கழன்றால் திரும்ப ஒட்டுவதற்கும் தண்ணீர் குடிப்பதற்கும் இன்னொரு முக்கால் மணி. தெற்கு முகம், புல் அடித்தளம். மார்ச் வெயிலில் புல்லின் மேல் பனி மொத்தமாக வழுக்கி வரும். சரிவில் பனி வாய் பிளந்து மண் தெரிகிற விரிசல் இருந்தால் அதற்குக் கீழே இளைப்பாறாதீர்கள். உங்கள் திட்டங்களில் காலை 9 மணிக்குப் புறப்பாடு என்று இருக்கிறது. விடுதியில் காலையுணவு 8 மணிக்கு என்பது தவிர அதற்கு வேறு காரணம் தெரியவில்லை. 6 மணிக்குப் புறப்படுங்கள். 11 மணிக்கு எங்கே இருந்தாலும் திரும்புங்கள்.

அடுத்து, போர் விட்டுப்போன பதுங்குகுழிச் சுவர்கள், முள்கம்பி, இரும்பு முளைகள். பனி ஒரு மீட்டருக்குக் குறைவாக இருக்கும் டிசம்பரில் ஸ்கீயின் முனை கம்பியில் மாட்டினால் முழங்கால் திருகும். காற்று துடைத்த முகடுகளில் ஸ்கீயைக் கழற்றி முதுகில் கட்டி நடப்பதே நல்லது. இன்னொன்று: கல்லும் சுவரும் எட்டிப் பார்க்கும் இடத்தில் பனி மெல்லிசு, அதனடியில் சர்க்கரைபோல் உதிரும் படலம் உருவாகும். தடித்த பலகை தாங்கிக்கொள்ளும் ஒரு ஆளின் எடை, அந்த மெல்லிய ஓரத்தில் சரிவையே கழற்றிவிடும். சுவரை அருகில் போய்ப் படம் எடுக்க ஒவ்வொருவராக நகர்வது அங்கேதான்.

லகசுவோய் சுரங்கத்தைத் தயவுசெய்து குளிர்காலத் திட்டத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மேல் நீளும் செங்குத்தான படிகள். கசியும் நீர் படியிலேயே உறையும். ஸ்கீ பூட்ஸ் அதில் பிடிக்காது. கையில் இருக்கும் ஸ்கீ தாழ்ந்த கூரையில் இடிக்கும். வெளியே வந்து சேரும் இடமும் சரிவுதான். கேபிள் காரில் 2,752 மீட்டர் உயரத்துக்கு ஏறி, போர்நிலைகளை மேலிருந்து பார்த்துவிட்டு, ஸ்கட்டோனி குடில் வழியாக அர்மென்டரோலாவுக்கு இறங்கும் பிஸ்டில் (சீரமைத்த ஸ்கீ தடத்தில்) வாருங்கள். மழைநாளுக்கு மர்மொலாடாவின் செராவுட்டா நிலையத்தில் போர் அருங்காட்சியகம் இருக்கிறது, கேபிள் காரிலேயே போகலாம்.

சாமான் பட்டியலில் டிரான்ஸீவர் (புதைந்தவரைக் கண்டுபிடிக்கும் அலைக்கருவி), புரோப் (பனியைக் குத்திப் பார்க்கும் நீளக்கோல்), ஷவல் (மண்வாரி) ஆகியவற்றை "இருந்தால் நல்லது" என்ற தலைப்பின் கீழ் போட்டிருக்கிறீர்கள். பனிச்சரிவு ஆபத்துள்ள இடத்தில் ஸ்கீ டூர் போகிறவரிடம் இவை மூன்றும் இருந்தாக வேண்டும் என்பது 2022 முதல் இத்தாலியில் சட்டம். புரோப் 240 செ.மீ.க்குக் குறையக்கூடாது, ஷவலின் தகடு உலோகமாக இருக்கட்டும். கைபேசியை டிரான்ஸீவரிலிருந்து 20 செ.மீ. தள்ளி வையுங்கள், தேடும்போது 50 செ.மீ. தள்ளி வையுங்கள். புதைந்தவரைத் தோண்டி எடுக்கக் கிடைப்பது முதல் 10–15 நிமிடம். ஹெலிகாப்டர் அதற்குள் வராது.

கடைசியாக, கிடைக்கும் பொருள்கள். ஏப்ரலில் பனி வடிந்தால் தோட்டா உறை, குண்டுத்துண்டு, சில நேரம் வெடிக்காத குண்டே வெளியே வரும். இலங்கையின் வன்னியில் கண்ணிவெடியை எச்சரிக்கும், மண்டையோட்டுப் படம் போட்ட சிவப்புப் பலகைகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். தொடவேண்டாம், ஸ்கீ குச்சியால் தட்டிப் பார்க்கவேண்டாம். இடத்தைக் குறித்துக்கொண்டு, விலகி வந்து 112ஐ அழையுங்கள். சாதாரணத் தகரக் குவளையும்கூட நினைவுப்பொருள் அல்ல. போரின் எச்சங்களைக் காக்க இத்தாலியில் 2001இல் 78ஆம் எண் சட்டமே போட்டிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
இந்த மலைகளில் குளிர்காலப் பாதை போடுகிறவர்கள்

பி.கு.: கனத்த பனிக்குப் பிறகு ஃபல்சாரேகோ, வால்பரோலா, போர்தோய்க் கணவாய்ச் சாலைகளை மூடிவிடுவார்கள். ஒரு பக்கம் வண்டியை நிறுத்தி மறுபக்கம் இறங்கும் திட்டம் என்றால், அந்த இரவுக்கு மறுபக்கத்தில் படுக்கையும் பதிவு செய்துவையுங்கள்.